வருகிறது, வருகிறது, வந்தேவிட்டது!

“வருகிறது! வருகிறது! உலகம் காணாத அற்புதம் வருகிறது! உள்ளங்கை அகலத்திலே ஒரு பல்கலைக்கழகம் வருகிறது!” என்று முரசு கொட்டுகின்றனர். கொட்டுவோர் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றனர். கொட்டு மட்டும் மாறக் காணோம். புதியதொரு கைக்கணினி, நம் பிள்ளைகள் ‘டெப்’ என்கின்றார்களே அது, கடைக்கு வருமுன்னரே அதன் விலை இன்னது, கனம் இன்னது, கண்ணாடி இன்னது என்ற பேச்சுக் கிளம்பிவிடுகிறது. ஊகத்தின்மேல் ஊகம், வதந்தியின்மேல் வதந்தி. கண்ணாற் கண்டவர் எவருமிலர். ஆயினும் கண்டவர்போலப் பேசாதவரும் எவருமிலர்!

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். கொழுந்தெடுப்பவர்க்கும், கோவாவும் உருளைக்கிழங்கும் பயிரிடுபவர்க்கும், பதுளையிலே வழக்குரைப்பவர்க்கும், பண்டாரவளையிலே பாடஞ் சொல்பவர்க்கும் இதிலே என்ன வந்தது? வணிகன் தன் சரக்குக்குத் தானே முரசு கொட்டும் வரையில் நமக்கு ஒன்றும் வரவில்லைதான். அந்த முரசை அரசு வாங்கித் தன் தோளிலே மாட்டிக்கொள்கிறதே, அப்போதுதான் வருகிறது கேடு. ஆசிரியர் எங்கே என்று கேட்டவனுக்கு ‘டெப் வருகிறது’ என்பது விடையாகிறது. கட்டடம் எங்கே என்றாலும் அதே விடை. கழிப்பறை எங்கே என்றாலும் அதே விடை. கேள்விகள் பல, விடையோ ஒன்று, அந்த ஒன்றும் வந்து சேர்வதில்லை.

விளம்பரம் என்பது அப்புத்தளை மலைக்குப் புதியதுமன்று. 1890இல் இந்நாட்டுக்கு வந்து தம்பத்தன்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன், தேயிலை விற்பதற்கு முன் கிளாஸ்கோவிலே மளிகைக்கடை நடத்தியவர். 1881ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் பூதாகாரமான பாற்கட்டியொன்றைத் தருவித்து, அதன் உள்ளே தங்க நாணயங்களைப் புதைத்துத் துண்டு துண்டாக விற்றார்; வாங்க வந்த கூட்டம் தெருவை அடைத்தது. அந்த மூளைதான் நம் மலையின் கொழுந்தையும் உலகமெங்கும் விலைபோகச் செய்தது. கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவம் அவர் விளம்பரத்திலே இடம்பெற்றது. படத்திலே அவள் இருந்தாள். பங்கிலே அவள் இருந்தாளா? ஆயினும் லிப்டனுக்கும் ஒரு நீதி செய்ய வேண்டும். தேயிலை என்று சொன்னார், தேயிலையைக் கொடுத்தார். பொட்டலத்தைப் பிரித்த வெள்ளையன் உள்ளே வைக்கோலைக் காணவில்லை. இக்கால முரசொலியோடு ஒப்பிட்டால் அந்தப் பழைய வியாபாரி உத்தமன்!

செல்வர் உலகத்தின் ஆரவாரத்தை முதலிற் பார்ப்போம். 2010 ஜனவரி 27ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவிலே ஸ்டீவ் ஜொப்ஸ் ‘ஐபேட்’ என்னும் கருவியை எடுத்துக் காட்டினார். அதற்கு முந்திய மாதங்களில் நடந்த கூத்தை என்னென்பது! பெயர் என்ன என்பதற்குப் பந்தயம். விலை என்ன என்பதற்கு ஆரூடம். ஆயிரம் டொலரை நெருங்கும் என்று அடித்துச் சொன்னார்கள் ஊகக்காரர்கள். 499 டொலரில் தொடங்கிற்று. இலண்டன் ‘எக்கனமிஸ்ற்’ ஏடு அம்மனிதரை வேதாகமப் புனிதரின் கோலத்தில் அட்டையிலே நிறுத்திற்று. கையிலே கணினி! இவை யாவும் கேலிக்குரியவை. எனினும் எவர் குடியையும் கெடுக்கவில்லை. அமெரிக்கச் செல்வன் ஏமாந்தால் 499 டொலர் ஏமாறுவான். அடுத்த மாதச் சம்பளத்தில் அதை மறப்பான். தன் பிள்ளையின் படிப்பை ஒரு வாக்குறுதியின்மேல் வைத்துக் காத்திருப்பவனின் ஏமாற்றம் அத்தகையதா?

அண்டை நாட்டின் கதையைக் கேளுங்கள். ஏழை நாடொன்று இந்த ஆரவாரத்திலே இறங்கினால் என்ன நேரும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

2009 பெப்ரவரியில் திருப்பதியிலே இந்திய மத்திய அரசு ஒரு விழா எடுத்தது. பத்து டொலருக்குக் கணினி என்று அதற்கு முன்பே உலக ஏடுகளில் எல்லாம் செய்தி. திரை விலகியபோது இருந்தது கணினியே அன்று. பாடங்களைச் சேமித்து வைக்கும் ஒரு சிறு பெட்டி! மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை. வெட்கப்பட்டார்களா? இல்லை. 2010 ஜூலையில் அமைச்சர் கபில் சிபல் புதியதொரு மாதிரியைக் கையில் ஏந்தினார். இம்முறை 35 டொலர். 2011 ஒக்டோபர் 5ஆம் நாள் அதற்குப் பெயர்சூட்டு விழா. பெயர் ‘ஆகாஷ்’. ஆகாயம்! பெயர் வைத்தவர் தம்மை அறியாமலே உண்மையைச் சொல்லிவிட்டார் போலும்.

டேட்டாவிண்ட் என்னும் நிறுவனம் செய்து கொடுத்தது. அரசுக்கு அடக்கமான விலை ஏறத்தாழ 50 டொலர். மானியத்தை வைத்து 35 என்றனர். முதற் கட்டம் ஒரு இலட்சம். முடிவில் 22 கோடி மாணவர்க்கும் என்று பேச்சு. உலக ஏடுகள் புகழ்ந்தன. ஐபேட்டுக்கு ஏழையின் பதில் என்று எழுதின. கருவியைக் கையில் எடுத்தவர் கண்டது யாது? 366 மெகாஹேர்ட்ஸ் வேகமுள்ள மூளை. 256 மெகாபைட் நினைவகம். விரலால் வருடினாற் போதாது, அழுத்தினால்தான் அசையும் திரை. சில மணி நேரத்தில் அடங்கிவிடும் மின்கலம். அதிலிருந்த ஆண்ட்ரொய்ட் 2.2 என்னும் மென்பொருளின் அந்நாளைய நிலையில் தமிழ் எழுத்து இயல்பாகத் தோன்றாது. கட்டங் கட்டமாக நிற்கும். தமிழ்ப் பிள்ளை கையிலே தமிழ் தெரியாத பலகை!

வாங்கும் பொறுப்பு ராஜஸ்தான் ஐ.ஐ.டி.யிடம் இருந்தது. மழையைத் தாங்குமா, விழுந்தால் பிழைக்குமா என்று அவர்கள் சோதிக்க முற்பட்டபோது, இது இராணுவத் தரத்துச் சோதனை, இந்த விலைக்கு இது ஆகாது என்று நிறுவனம் வாதிட்டது. இரு தரப்பும் மோதிக்கொண்டன. வழக்கறிஞன் என்ற முறையில் இவ்விடத்தில் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. கருவி எந்தத் தரத்தில் இருக்கவேண்டும் என்பதை விழா எடுப்பதற்கு முன்னா எழுதுவது, பின்னா? கலியாணம் முடிந்தபின்னர் ஜாதகம் பார்த்த கதையன்றோ இது! 2012இல் பொறுப்பு மும்பை ஐ.ஐ.டி.க்கு மாறிற்று.

இதற்கிடையில் கடை விற்பனைக்கான பதிப்புக்கு, சில வாரங்களுக்குள் பதினான்கு இலட்சம் பேர் பதிவு செய்துவிட்டனர் என நிறுவனம் பறைசாற்றியது. பதிவு என்பது வேறு, விற்பனை என்பது வேறு, கையிற் சேர்த்தல் என்பது முற்றிலும் வேறு. இம்மூன்றையும் ஒன்றாக்கிக் காட்டுவதே ஆரவாரக்காரனின் கைவரிசை. பதிந்துவிட்டுக் கருவியும் வராமல் விடையும் வராமல் காத்திருந்தோரின் முறையீடுகள் 2012 முழுவதும் ஒலித்தன. ஆனால் முரசு நின்றதா? 2012 நவம்பர் 11இல் ‘ஆகாஷ் 2’ஐக் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்டார். அதே மாதம் 28இல் ஐக்கிய நாடுகள் சபையிலே, செயலாளர் நாயகம் பான் கீ மூன் முன்னிலையில் காட்சிக்கு வைத்தனர். உள்நாட்டுத் தயாரிப்பு என்று மார்தட்டிய கருவி சீனத் தொழிற்சாலையில் உருவானதா என்ற சர்ச்சையும் அதே வேளையில் வெடித்தது. 2013 மார்ச்சில் புதிய அமைச்சர் பல்லம் ராஜு, கருவியையே கட்டிக்கொண்டு அழவேண்டாம் என்ற பொருள்படப் பேசினார். நான்கு ஆண்டு முழக்கத்துக்குப் பின் நாசூக்கான ஒப்பாரி! 2015 மார்ச்சோடு திட்டத்துக்கு மூடுவிழா. திறப்பு விழாவுக்கு வந்த புகைப்படக்காரர்கள் இந்த விழாவுக்கு வரவில்லை.

அப்படியாயின் அரசு பிள்ளைகளுக்குக் கணினி கொடுப்பதே மடமையா? அவ்வாறு நாம் கூறவில்லை. ஆகாஷ் ஆரவாரம் நடந்த அதே 2011இல், செப்டெம்பர் 15ஆம் நாள், தமிழ்நாட்டில் மாணவர்க்கு இலவச மடிக்கணினி கொடுக்கும் திட்டம் தொடங்கிற்று. அதிலும் விழா உண்டு. பெட்டியின்மேல் முதலமைச்சரின் படமும் உண்டு. தாமதம் உண்டு, குறை உண்டு. அந்த அரசியலை நாம் புகழ வரவில்லை. ஆனால் புதுமை என்று பம்மாத்துப் பண்ணாமல், சந்தையிலே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கணினியைக் கேள்விப்பத்திரம் கோரி வாங்கினார்கள். பல இலட்சம் பிள்ளைகளின் கையிலே சேர்த்தார்கள். உலக அதிசயம் என்று எவரும் அட்டைப்படம் போடவில்லை. வேலை மட்டும் நடந்தது.

இனி நம் வீட்டுக் கதை. 2016 நவம்பரில், 2017ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்த நிதியமைச்சர் ரவி கருணாநாயக்க, உயர்தர வகுப்பு மாணவர் ஏறத்தாழ 175,000 பேருக்கும் ஆசிரியர் ஏறத்தாழ 28,000 பேருக்கும் டெப் வழங்கப்படும் என்றார். ஒதுக்கீடு 5,000 மில்லியன் ரூபா. மறுநாள் ஏடுகளில் அதுவே பெரிய எழுத்து. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் பேசிக்கொண்டார்கள்: எந்த மாதம் வரும்? எந்த நிறம்? வீட்டுக்குக் கொடுப்பார்களா, பாடசாலையிலேயே வைத்துக்கொள்வார்களா? கேள்விப்பத்திரம், அமைச்சரவைப் பத்திரம், ஆட்சேபம், மறுபரிசீலனை என்று ஈராண்டு ஓடிற்று. 2018இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவே அதனை எதிர்த்தார். ஓர் அரசுக்குள்ளேயே ஒரு கை கொடுப்பேன் என்றது. மறு கை தடுப்பேன் என்றது. நாடு தழுவிய திட்டமாக அது நிறைவேறவேயில்லை. 2017இல் உயர்தரம் பயின்ற பிள்ளை இன்று பிள்ளைக்குத் தாயாகியிருப்பாள்.

சட்டம் படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த பழைய வழக்கொன்று உண்டு. படிக்காதவர்களும் தெரிந்துகொள்ளத் தக்கது. 1891இல் இங்கிலாந்திலே சளிக்காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியிருந்த காலம். ‘கார்போலிக் புகை உருண்டை’ என்றொரு சரக்கை விற்ற நிறுவனம் விளம்பரம் செய்தது: எங்கள் உருண்டையைச் சொன்னபடி நாளுக்கு மும்முறை, இரண்டு வாரம் பயன்படுத்தியும் நோய் வந்தால் 100 பவுண் கொடுப்போம், எங்கள் வாய்மைக்குச் சான்றாக 1,000 பவுணை வங்கியிலே போட்டிருக்கிறோம். கார்லில் என்ற மாது வாங்கினார், பயன்படுத்தினார், நோயும் வந்தது. பணத்தைக் கேட்டார். நிறுவனத்தின் வழக்கறிஞர் சொன்ன வாதம் என்ன தெரியுமா? அது வெறும் வியாபாரப் புகழ்ச்சி ஐயா, எவராவது அதை மெய்யென்று நம்புவார்களா! 1892 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தைத் தூக்கி எறிந்தது. வங்கியிலே பணம் போட்டிருக்கிறோம் என்று எழுதியவன் பிறகு ‘விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்று தப்ப முடியாது என்றனர் நீதிபதிகள்.

வணிகனுக்கு இந்த நீதி. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, மக்களைத் திசைதிருப்பும் ஏமாற்று நடத்தையை வியாபாரிக்குத் தடை செய்கிறது. அப்புத்தளைக் கடைவீதியிலே பழைய கருவியைப் புதிதென்று விற்பவன் அச்சட்டத்துக்கு அஞ்ச வேண்டும். பாராளுமன்றத்திலே எழுந்து, தொகையைச் சொல்லி, எண்ணிக்கையைச் சொல்லி, வகுப்பைச் சொல்லி வாக்குக் கொடுத்தவர் எதற்கு அஞ்சுகிறார்? வரவுசெலவுத் திட்ட உரை ஒப்பந்தமன்று. அதை வைத்து நாம் வழக்காடினால் முதல் நாளே தள்ளுபடி என்பதையும் நாம் அறிவோம். ஆயினும் புகை உருண்டை விற்றவன் 1,000 பவுணை வங்கியிலே போட்டேன் என்றதற்கும், அமைச்சர் 5,000 மில்லியனை ஒதுக்கினேன் என்றதற்கும், கேட்பவன் உள்ளத்திலே விளையும் நம்பிக்கையில் என்ன வேற்றுமை? உருண்டைக்காரன் பிடிபட்டான், அமைச்சர்கள் பிடிபடுவதில்லை. வேற்றுமை அவ்வளவே.

வாக்கு நிறைவேறாததன் விலையைக் காலம் விரைவிலேயே கேட்டு வாங்கிற்று. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. இணையவழி வகுப்பு என்று கொழும்பு அறிவித்தது. 2021இல் உலகச் செய்தி நிறுவனங்கள் நம் ஊவாவைத் தேடி வந்தன; எதற்காக? பொஹிட்டியாவ என்னும் கிராமத்துப் பிள்ளைகளும் அவர்தம் ஆசிரியையும் அலைவரிசை தேடிக் காட்டு வழியே நடந்து பாறை முகட்டில் ஏறிப் பாடம் நடத்தியதைப் படமெடுப்பதற்காக! லுணுகலைப் பக்கத்தில் காட்டுக்குள்ளே ஏறத்தாழ 30 அடி உயர மரவீட்டிலே பிள்ளைகளை ஏற்றிவிட்டுப் பெற்றோர் கீழே காவல் நின்றனர். நாட்டின் 43 இலட்சம் மாணவரில் அதிகம் போனால் நூற்றுக்கு 40 பேரே அவ்வகுப்புகளில் சேர முடிந்தது என்று இலங்கை ஆசிரியர் சங்கத்தின் ஜோசப் ஸ்டாலின் அன்று கூறினார். அந்தச் செய்தியைப் படித்தவர்கள் பிள்ளைகளின் ஊக்கத்தை வியந்தனர். வியப்பதற்கு என்ன இருக்கிறது? வெட்கப்படுவதற்கல்லவா இருக்கிறது! கையிலே கருவி இருந்தவனுக்கே மரம் ஏறவேண்டிய நிலை. கருவியே இல்லாத லயத்துப் பிள்ளைக்கு ஏறுவதற்கு மரமும் தேவைப்படவில்லை.

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்ததே 2021 மார்ச்சில்தான். அதுவும் எத்தனை ஆண்டுப் போராட்டத்துக்குப் பின்! மலிவான கருவி முப்பதாயிரம் ரூபா என்று வைத்துக்கொண்டாலும் அன்றைய அச்சம்பளத்தில் முப்பது நாட் கொழுந்து. ஒரு நாளும் தவறாமல் பெரட்டுக்குப் போய், குறித்த கிலோவைக் குறையாமல் எடுத்து, அரிசியும் மாவும் வாங்காமல், கடனும் கட்டாமல் இருந்தால் ஒரு மாதத்தில் ஒரு கருவி. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில்? தவணைக்கு எடு என்று கடைக்காரன் சொல்கிறான், எடுத்தவர்களும் உண்டு. ஆரவாரத்தின் வட்டி அங்கேதான் ஏறுகிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2016இல் வாக்களித்தது உயர்தர மாணவருக்கு. தோட்டத்துப் பிள்ளைகளுள் உயர்தரம் வரை வந்து சேர்கிறவர் எத்தனை பேர்? வழியிலேயே நின்றுவிடுகிறவர் எத்தனை பேர்? சாதாரண தரத்திலே கணிதத்தில் தவறி, கொழும்புக் கடைக்கோ வீட்டு வேலைக்கோ பஸ் ஏறுகிற பிள்ளைக்கு அத்திட்டத்தில் ஒரு சதமும் இல்லை. ஊவாவிலே தமிழ்மொழியில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் ஆசிரியர் இல்லாமை நேற்றைய குறையா? 1945இல் இலவசக் கல்வி என்றார்கள். தோட்டப் பாடசாலைகளை அரசு கையேற்றதோ 1970களில். ஒரு தலைமுறைக்கு மேலாக வாசலுக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்ட பிள்ளைக்கு முதலில் வேண்டியது வாசல் திறப்பதா, வாசலிலே மின்விளக்குத் தோரணமா?

கருவி கொடுத்தாற் கல்வி தானே வரும் என்பாரும் உளர். பெரு நாட்டிலே எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சிறு கணினிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 319 கிராமப் பள்ளிகளை வைத்து ஆராய்ந்த அமெரிக்கக் கண்டத்து அபிவிருத்தி வங்கியினர் 2012இல் வெளியிட்ட முடிவு: கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை. கணினி கெட்டதென்பது அதன் பொருளன்று. சொல்லிக் கொடுக்க ஆளில்லாத இடத்திலே அது வெறும் பெட்டி.

விவசாயத் தோழர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2021 மேயில் இரசாயன உரத்தைத் தடுத்துவிட்டு, ஒக்டோபரில் ‘நனோ நைதரசன்’ என்று போத்தலிலே திரவத்தை விமானத்தில் இறக்கி, அதற்கும் இதே முரசைக் கொட்டினார்களே! நவம்பரில் தடையே நீங்கிற்று. வெலிமடையிலும் ஊவா பரணகமையிலும் அந்தப் போகத்தை இழந்தவனுக்கு, புதுமை என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும்.

“நீங்கள் விஞ்ஞானத்தின் விரோதிகள், மாட்டு வண்டிக் காலத்து மனிதர்” என்று சில இளைஞர் நம்மைச் சாடக்கூடும். தம்பிமாரே, நன்றாகச் சாடுங்கள். ஆனால் ஒன்று: நாம் கருவியை எதிர்க்கவில்லை, கருவியைக் கேட்கிறோம்! விழாவை அல்ல, கருவியைக் கேட்கிறோம். அது இந்நாளில் வரும் என்று நாள் குறித்து, இத்தனை வரும் என்று எண் குறித்து, தமிழ்ப் பாடநூல் உள்ளே இருக்கும், பழுதானால் பண்டாரவளையிலேயே திருத்தப்படும், தம்பத்தன்னையிலும் இதல்கஸ்ஹின்னையிலும் அலைவரிசை எட்டும் என்று கையெழுத்து வைத்துக் கேட்கிறோம். அதுவரையில் எவர் வந்து மேடையேறி எந்தப் பளபளப்பைத் தூக்கிக் காட்டினாலும் கை தட்டுவதற்கு நாம் ஆயத்தமில்லை. ஏடு நடத்தும் நம்மவர்க்கும் ஒரு வேண்டுகோள்: அறிவிப்பு நாளில் முதற் பக்கத்தில் நான்கு பத்தி போடுகிறீர்கள், ஓராண்டு கழித்து வந்ததா என்று ஒரு வரி போட்டாலென்ன?

கேட்பதற்கு நமக்கு ஒரு வழி கைவசம் இருக்கிறது. மாகாண சபையிலே கேட்கலாம் என்றால், ஊவா மாகாண சபையின் பதவிக்காலம் 2019இல் முடிந்து, அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லாமல் கிடந்தது. ஆனால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் ஒவ்வொரு பிரசையின் கையிலும் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறாய் என்று அதிகாரி வினவ முடியாது. 14 வேலை நாள்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் தீர்மானித்தாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கும் மேல் கொழும்பில் ஆணைக்குழு உண்டு. உங்கள் பாடசாலைக்கு 2017 முதல் இன்றுவரை எத்தனை கணினியும் டெப்பும் வந்தன, அவற்றுள் இன்று எத்தனை இயங்குகின்றன, பழுதுபார்க்க எவ்வளவு செலவிட்டார்கள், கணித விஞ்ஞான ஆசிரியர்க்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை என்று உங்கள் வலயக் கல்விப் பணிமனையின் தகவல் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எழுத உதவி வேண்டுவோர் ஞாயிறு காலையில் எமது அப்புத்தளைச் செயலகத்துக்கு வரலாம், கட்டணமில்லை. கிடைக்கும் பதிலின் பிரதியை எமக்கு அனுப்பிவையுங்கள். பாடசாலையின் பெயரோடு இவ்வேட்டிலே வாரந்தோறும் வெளியிடுவோம். பதில் வராத பாடசாலைகளின் பெயரையும் வெளியிடுவோம்.